யோசித்துத் தீராத கவலை

1989 அக்டோபர் 17, மாலை 5.04. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வட்டாரம் குலுங்கியது. 6.9 அளவிலான நிலநடுக்கம். ஓக்லாந்து நகரில் ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல்தளம் கீழ்த்தளத்தின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. வட்டாரம் முழுக்க 63 பேர் இறந்தார்கள். அங்கிருந்து அதிக தூரமில்லாத ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சூசன் நோலன்-ஹோக்செமா என்ற உளவியல் ஆய்வாளர் வேலை பார்த்தார். நிலநடுக்கத்துக்குச் சரியாக இரண்டு வாரம் முன்புதான் மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்கியிருந்தார். மனசு சரியில்லாதபோது நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்ட தாள் அது. சிலர் வெளியே கிளம்பிப் போவார்கள், சிலர் ஏதாவது வேலையில் கையை வைப்பார்கள். இன்னும் சிலர் ஓரிடத்தில் உட்கார்ந்து, தனக்கு ஏன் இப்படி ஆகிறது என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள்.

பூமி அடங்கியதும் அவருக்கு ஒன்று உறைத்தது. பேரிடருக்குப் பின் மக்களின் மனநிலையை ஆராய்பவர்கள் பலர் உண்டு. அதே ஆட்களின் மனநிலை பேரிடருக்கு முன் எப்படி இருந்தது என்ற கணக்குதான் யாரிடமும் இருக்காது. இவரிடம் இருந்தது. நடுக்கம் வந்து பத்து நாள் கழித்து ஒருமுறை, ஏழு வாரம் கழித்து ஒருமுறை என்று 137 மாணவர்களை மறுபடி விசாரித்தார். முன்பிருந்தே உட்கார்ந்து யோசிக்கும் பழக்கமுள்ளவர்கள் இரண்டு முறையும் மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சோர்ந்திருந்தார்கள். ஆளுக்கு ஆள் பட்ட சிரமத்தைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது.

இப்படி யோசிப்பவர்கள் சோம்பேறிகளோ கோழைகளோ அல்ல. பிரச்சினைக்கு விடை தேடுவதாகவே அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் செக்குமாடு போல மனசு ஒரே வட்டத்தைச் சுற்றுகிறது. நாள் முழுக்க நடந்த களைப்பு மிச்சம், இடம் மட்டும் அதே இடம். இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வாட்கின்ஸ் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். யோசனையிலேயே இரண்டு வகை இருக்கிறது என்கிறது அவரது ஆய்வு. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பது ஒரு வகை. "நாளைக்கு வீட்டு ஓனரிடம் என்ன சொல்லலாம், எத்தனை மணிக்குப் போகலாம்?" என்பது இன்னொரு வகை. முதல் கேள்விக்கு முடிவே கிடையாது. இரண்டாவது கேள்வி நாளைக் காலை முடிந்துவிடும். ஆளைத் தின்பது முதல் வகை.

இந்த இடத்தில் நம் வீடுகளில் எல்லோரும் சொல்கிற யோசனை ஒன்று உண்டு: "ரொம்ப யோசிக்காதே, எல்லாம் சரியாகிவிடும்." சொல்பவருக்கு நல்ல எண்ணம்தான். குரங்கை நினைத்துக்கொண்டு மருந்து குடிக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை தெரிந்த ஊர் நம்முடையது. அதன் பிறகும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் ஏறத்தாழ இதையே பரிசோதனையாகச் செய்து பார்த்தார். ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது, நினைத்தால் மணியை அடிக்க வேண்டும் என்றார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தடை நீங்கிய பிறகு, முதலிலேயே தாராளமாக நினைக்கச் சொல்லப்பட்டவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகம் வந்தது.

யோசனையை நிறுத்த முயல்வது பலிக்காது என்றால் வேறு எதைச் செய்வது? இந்தக் கேள்விக்கு மிக நல்ல பதில்களில் ஒன்று, பணமும் இல்லாமல் டாக்டர்களும் இல்லாமல் திண்டாடிய ஒரு நாட்டிலிருந்து வந்தது.

ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரே. 2005-இல் அந்த நாட்டு அரசு நகரங்களைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லி குடிசைகளையும் நடைபாதைக் கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் என்று ஐ.நா. அறிக்கை மதிப்பிட்டது. எச்.ஐ.வி. ஏற்கெனவே வீட்டுக்கு வீடு ஆளை எடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு கோடிக்கும் மேல் மக்கள் வாழும் நாட்டில் மனநல மருத்துவர்களை அன்றைக்கு இரு கை விரல்களிலேயே ஏறத்தாழ எண்ணிவிட முடிந்தது. அவர்களில் ஒருவர் டிக்சன் சிபாண்டா. அவரிடம் சிகிச்சை பெற்று வந்த ஓர் இளம்பெண் அடுத்த முறை வரவில்லை. பஸ்ஸுக்கு வேண்டிய 15 டாலர் அந்தக் குடும்பத்திடம் இல்லை. அந்தப் பெண் உயிரோடு இல்லை என்ற செய்திதான் பிறகு வந்தது. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதே தப்பு என்ற முடிவுக்கு சிபாண்டா வந்தது அப்போதுதான் என்று அவரே மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

எம்பாரே என்ற ஏழைப் பகுதியின் சுகாதார நிலையத்தில் அவர் வேலையை ஆரம்பிக்கப் போனபோது, கொடுப்பதற்கு நர்சுகள் இல்லை, உள்ளே அறையும் இல்லை. மாநகராட்சியின் சுகாதாரப் பணியில் ஏற்கெனவே இருந்த பதினான்கு பாட்டிகள் கிடைத்தார்கள். இடம் என்று கேட்டால் வெளியே மரத்தடி. அங்கே ஒரு மர பெஞ்ச் போட்டார்கள். முதலில் அதற்கு 'மனநல பெஞ்ச்' என்று பெயர் வைத்தார் சிபாண்டா. அதில் உட்கார யாரும் முன்வரவில்லை. பெயரை மாற்றச் சொன்னவர்கள் பாட்டிகள். 'நட்பு பெஞ்ச்' ஆனது. ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

பெஞ்சில் நடப்பது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். முறை ஒன்று இருக்கிறது. முதலில் வந்தவர் தன் பாடுகளை எல்லாம் கொட்டுகிறார்: வாடகை பாக்கி, கணவர் வேறு பெண்ணோடு போய்விட்டது, குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ், தனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. பாட்டி குறுக்கிடாமல் கேட்கிறார். அடுத்து, இத்தனையில் எதை முதலில் எடுக்கலாம் என்று கேட்கிறார். ஒன்றே ஒன்று. அதற்கு என்னென்ன செய்யலாம் என்று வந்தவரே சொல்ல வேண்டும்; பாட்டி தீர்வை எடுத்துக் கையில் கொடுக்கக் கூடாது. (எந்த ஊர்ப் பாட்டிக்கும் இதைவிடக் கஷ்டமான விதி இருக்க முடியாது.) சொன்னவற்றில் ஒன்றைத் தேர்ந்து, யாரைப் பார்ப்பது, எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதுவரை பேசி முடித்து அனுப்புகிறார். அடுத்த வாரம் வந்து என்ன ஆயிற்று என்று சொல்ல வேண்டும். ஆகவில்லை என்றாலும் வர வேண்டும். ஏறத்தாழ ஆறு சந்திப்புகள்.

எம்பாரே மக்கள் தங்கள் நோயை விவரிக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. 'டிப்ரெஷன்' என்று அங்கே யாரும் சொல்வதில்லை. அளவுக்கு மீறி யோசிக்கிறேன், அதனால் தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் போய்விட்டது என்பார்கள். விழுப்புரத்திலோ வவுனியாவிலோ ஒரு சுகாதார நிலையத்து வரிசையில் நின்று கேட்டால் காதில் விழுவதும் ஏறத்தாழ இதுதான். கை கால் குடைச்சல், அசதி, சாப்பாடு இறங்கவில்லை, ராத்திரி கண் மூடினால் யோசனை. சத்து மாத்திரையும் முடிந்தால் ஒரு பாட்டில் குளுக்கோசும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம்.

2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் இதழில் இந்த பெஞ்சின் கணக்கு வெளியானது. ஹராரேயின் 24 சுகாதார நிலையங்கள், 573 நோயாளிகள். பாதி நிலையங்களில் பெஞ்ச். மீதியில் வழக்கமான சிகிச்சையோடு கொஞ்சம் விளக்கமும் ஆதரவும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் சரிபாதிப் பேரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதத்தினரிடம் மட்டுமே இருந்தன. இதில் ஐந்தில் இருவர் எச்.ஐ.வி. உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களின் வறுமை ஆறு மாதத்தில் ஓடிவிடவில்லை, கிருமி ரத்தத்தைவிட்டுப் போகவில்லை. இருந்தும் இந்த வித்தியாசம். பிறகு இந்த பெஞ்ச் மலாவி, சான்சிபார் என்று பயணப்பட்டு நியூயார்க் நகரத் தெருக்கள்வரை போனது.

ஹராரேக்கும் இந்தியாவுக்கும் இதில் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. பெஞ்சுக்கு வருகிறவர்களிடம் பாட்டிகள் கேட்கும் பதினான்கு கேள்விகள் கொண்ட பட்டியலை 1990-களில் அந்த மக்களின் பேச்சிலிருந்தே உருவாக்கியவர்களில் முக்கியமானவர் விக்ரம் படேல், மும்பைக்காரர். அங்கிருந்து திரும்பியவர் 1996-இல் கோவாவில் நண்பர்களோடு 'சங்காத்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அங்கே அவர்கள் செய்து பார்த்த வைத்தியம் இன்னும் எளிமையானது. கேட்டால், இதுவும் ஒரு வைத்தியமா என்று தோன்றும்.

அதன் மூலம் 1970-களின் அமெரிக்கா. ஒரிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் லூயின்சன் என்ற உளவியலாளர் சோர்ந்த மனசை ஒரு கணக்குப் பிரச்சினையாகப் பார்த்தார். ஒருவருக்கு மனசு சரியில்லை. அதனால் வெளியே போவதைக் குறைக்கிறார். வெளியே போகாததால் பிடித்த ஆட்கள், பிடித்த வேலைகள், சின்னச் சின்னச் சந்தோஷங்கள் எதுவும் அவரை எட்டுவதில்லை. எட்டாததால் மனசு இன்னும் சரிகிறது. தெம்பு வந்ததும் கிளம்பலாம் என்று அவர் காத்திருக்கிறார். கிளம்பாத வரை தெம்பு வராது. லூயின்சனும் சகாக்களும் மனிதர்களுக்கு இன்பம் தரக்கூடிய செயல்களைப் பட்டியல் போட்டார்கள். மொத்தம் 320. விளையாட்டைப் பற்றிப் பேசுவதுகூட அதில் உண்டு. தமிழில் ஒருவர் போட்டால் சாயங்கால டீக்கடை பெஞ்ச், மல்லிகை கட்டுவது, மார்கழிக் கோலம், பேரனைக் கூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போவது எல்லாம் ஏறும். எண்ணிக்கை முந்நூற்றைத் தாண்டுவதும் கஷ்டமாக இருக்காது.

சங்காத் இந்த எண்ணத்தை கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுபோனது. ஆலோசகர்கள் உளவியல் படித்தவர்கள் அல்ல. உள்ளூர் ஆட்களைத் தேர்ந்து பயிற்சி கொடுத்தார்கள். ஆறு முதல் எட்டு சந்திப்பு, பெரும்பாலும் நோயாளியின் வீட்டிலோ சுகாதார நிலையத்திலோ. 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர். மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் நீங்கியிருந்தன. மற்றவர்களில் 39 சதவீதம். பெண்களிடம் விசாரித்தபோது, கணவரிடம் அடி வாங்குவதும் ஆலோசனை பெற்ற பக்கத்தில் குறைந்திருந்தது. 

இந்த முறை வீட்டுக்குள் எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு கற்பனை உதாரணத்தில் பார்க்கலாம். ஐம்பத்தைந்து வயது அம்மா. கணவர் இல்லை. மகன் வேலைக்காக வளைகுடாவுக்குப் போய் எட்டு மாதம். முதலில் மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போவது நின்றது. பிறகு செவ்வாய்க்கிழமைக் கோயில். ஒருத்திக்கு மட்டும் என்ன சமையல் என்று காலையில் வடித்த சோறே ராத்திரிக்கும். டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, பார்ப்பதில்லை. விசாரிக்க வருகிறவர்கள் "ஏன்க்கா இப்படி இருக்கீங்க, தைரியமா இருங்க" என்கிறார்கள். தைரியம் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை மட்டும் சொல்வதில்லை.

கோவா பாணி ஆலோசகர் இந்த அம்மாவிடம் தைரியத்தைப் பற்றிப் பேசமாட்டார். ஒரு வாரம், அந்தந்த நேரத்தில் என்ன செய்தார், அப்போது மனசு எப்படி இருந்தது என்று குறித்துவரச் சொல்வார். எழுதத் தெரியாவிட்டால் முகப் படங்களில் கோடு போட்டால் போதும். தாளைப் பார்த்தால் பல நேரம் நோயாளிக்கே ஆச்சரியம்: நாள் முழுக்க ஒரே இருட்டு என்று நினைத்தது சரியில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்ட கால் மணி நேரத்தில் கொஞ்சம் லேசாக இருந்திருக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்குப் படுத்த பிறகுதான் மோசம். அடுத்த வாரத்துக்கு இரண்டே இரண்டு வேலைகள், நாளும் நேரமும் போட்டு. "கோயிலுக்குப் போகணும்" என்று சொன்னால் போதாது. செவ்வாய் சாயங்காலம் ஐந்தரைக்கு, எதிர்வீட்டு அக்காவோடு, விளக்கு போட்டுவிட்டு உடனே திரும்பலாம் என்பதுவரை பேச வேண்டும். பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. போனால் சரி.

இதில் நுட்பம் எல்லாம் வேலையின் அளவில் இருக்கிறது. புத்தாண்டுத் தீர்மானம் எடுக்கிறவர்கள் தோற்பது தினமும் ஒரு மணி நேர வாக்கிங் என்று ஆரம்பிப்பதால். சோர்ந்த மனசுக்குத் தெருமுனைவரை போய்வருவதே பெரிய காரியம்; அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இது ஏழைகளுக்கான மலிவுப் பதிப்பு என்ற சந்தேகமும் வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 440 பேரிடம் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது. அனுபவமிக்க உளவியல் நிபுணர்கள் எண்ணங்களை அலசிக் கொடுக்கும் சிகிச்சையும், இளநிலைப் பணியாளர்கள் கொடுத்த இந்தச் செயல்முறைச் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை.

உடலை அசைப்பதற்கும் இதே கணக்கு. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உள்ள, ஐம்பது வயது தாண்டிய 156 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மாத்திரை, ஒரு குழுவுக்கு வாரம் மூன்று நாள் உடற்பயிற்சி, மூன்றாவதற்கு இரண்டும். மாத்திரைக் குழு சீக்கிரம் தேறியது. பதினாறு வாரம் முடிந்தபோது மூன்று குழுவும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நின்றன.

ராத்திரி விஷயம் வேறு. பகலில் வேலை இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. படுத்ததும் கவலைக்குப் போட்டியே இல்லை. பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்கோவெக் 1983-இல் ஒரு விசித்திரமான மருந்தை முன்வைத்தார். கவலைப்படாதே என்று சொல்லவில்லை. கவலைப்படு, ஆனால் நேரம் ஒதுக்கிப் படு என்றார். தினமும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, அரை மணி நேரம். மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் ஒரு தாளில் குறித்துவைத்து, உன்னைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பார்க்கிறேன் என்று ஒத்திப்போட வேண்டும். ஆறு மணிக்கு உட்கார்ந்து தாளைப் பிரித்தால் பாதி கவலைகள் ஆறிப்போயிருக்கும். மீதியில் செய்ய ஏதாவது இருப்பவை தனியே தெரியும். அந்த நாற்காலி படுக்கையறையில் இருக்கக் கூடாது, நேரமும் படுக்கப் போவதற்கு நெருக்கத்தில் வேண்டாம்.

தூக்கத்துக்கு 1972-இல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் சொன்ன வழியை இன்றைக்கும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். தூக்கம் கண்ணைச் சுழற்றினால்தான் படுக்கைக்குப் போக வேண்டும். படுத்துக் கால் மணி நேரம் போலாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும், மறுபடி கண் சொக்கினால் திரும்பலாம். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழ வேண்டும். பகல் தூக்கம் கூடாது. முதல் வாரம் ஆளைப் படுத்தி எடுத்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். படுக்கையில் புரண்டுகொண்டே போனில் ரீல்ஸ் தள்ளுகிறவர்களின் மனசில், படுக்கை என்றால் விழித்திருக்கும் இடம் என்று பதிந்துபோயிருக்கிறது. அதை அழிக்கத்தான் இத்தனையும்.

இதுவரை சொன்னவற்றில் பலவற்றைத் தனியாகவே செய்யலாம். ஆனால் ஹராரேயிலும் கோவாவிலும் எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவர் பங்கு எவ்வளவு என்பதற்கு லண்டனில் ஒரு பழைய சாட்சியம் இருக்கிறது. 1953-இல் சாட் வாரா என்ற பாதிரியார், வாழ்வில் நம்பிக்கை இழந்தவர்கள் தன்னை அழைக்கலாம் என்று தன் தேவாலயத்தின் டெலிபோன் எண்ணை அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாதிரியார் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கும்போது மற்றவர்கள் வெளியே காத்திருப்பார்கள்; அவர்களுக்கு டீ கொடுத்து உட்காரவைக்கத் தொண்டர்கள் வந்தார்கள். கொஞ்ச நாளில் வாரா ஒன்றைக் கவனித்தார். காத்திருப்பவர்களில் பலர், டீ கொடுத்தவர்களிடம் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள். 1954-இல் அந்த வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' என்ற அமைப்பு பிறந்த கதை இது. அந்த வழியில்தான் 1974-இல் கொழும்பில் சுமித்ரயோவும், 1986-இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகாவும் வந்தன. போனை எடுப்பவர்கள் இங்கேயும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள்.

அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி எதைச் சொல்லக் கூடாது என்பதுதான். நம் வீடுகளில் ஒருவர் வாயைத் திறந்ததும் மூன்று பதில்களில் ஒன்று தயாராக வரும். "இதுக்கெல்லாம் போய் யாராவது கவலைப்படுவாங்களா?" என்று சின்னதாக்குவது முதலாவது. "எனக்கு இதைவிட மோசமா நடந்துச்சு" என்று போட்டிக்கு வருவது அடுத்தது. மூன்றாவது, கேட்டு முடிக்கும் முன்பே பரிகாரம், டாக்டர், வாஸ்து என்று தீர்வை நீட்டுவது. மூன்றுமே பாசத்தில் வருவதுதான். மூன்றின் பலனும் ஒன்றே, சொன்னவர் அடுத்த முறை சொல்லமாட்டார். "அப்புறம் என்ன ஆச்சு?", "அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்ற இரண்டு கேள்விகள் இவை எல்லாவற்றையும்விட அதிக தூரம் கொண்டுபோகும். மாமியாரிடம் மருமகளோ, மேனேஜரிடம் ஊழியரோ இதைக் கேட்டுவிட முடியுமா என்றால், எல்லா வீட்டிலும் எல்லா ஆபீசிலும் முடியாது. அதனால்தான் வெளியாள் தேவைப்படுகிறார்.

எல்லாம் மனசைப் பழக்குவதில் இருக்கிறது என்று இதைப் படித்துக்கொள்ளக் கூடாது. கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கிறவரிடம் மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்பது கொடுமை. கென்யாவின் கிராமங்களில் ஏழைக் குடும்பங்களுக்கு நிபந்தனை எதுவும் போடாமல் ரொக்கம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016-இல் வெளியானது. பணம் கிடைத்த வீடுகளில் மனநிலையும் மேம்பட்டிருந்தது. ஹராரே பாட்டியும் கடன் பிரச்சினையைக் கடன் பிரச்சினையாகவே எடுக்கிறார், எண்ணத்தை மாற்றிக்கொள் என்று சொல்வதில்லை. காலையில் வாட்ஸ்அப்பில் வரும் சூரியோதயப் பொன்மொழிக்கும் அந்த பெஞ்சுக்கும் உள்ள தூரம் இதுதான்.

அன்றாடச் சோர்வு எங்கே முடிகிறது, நோய் எங்கே ஆரம்பிக்கிறது? மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் கடினமானதல்ல. இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி மனசு இருண்டிருப்பது அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது. கூடவே தூக்கம், பசி, கவனம் கெடுவது, எழுந்திருக்கவே முடியாத அசதி, தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம். வேலையும் வீடும் இதனால் தடுமாறினால் டாக்டரைப் பார்க்க வேண்டிய கட்டம். சாவைப் பற்றிய நினைப்பு வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. பெங்களூரின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான பிரச்சினைகள் உள்ள நூறு பேரில் ஏறத்தாழ 85 பேருக்கு சிகிச்சையே எட்டவில்லை.

டாக்டரிடம் போகிறவர்களையும் மாத்திரை பற்றிய ஒரு பயம் தடுக்கிறது: ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது, பழக்கமாகிவிடும் என்று. மனச்சோர்வுக்கான மாத்திரைகள் போதைப் பழக்கம் போல ஆளைப் பிடிப்பதில்லை. வேலை செய்ய ஆரம்பிக்க இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். அந்த இடைவெளியில்தான் பலர் பயனில்லை என்று நிறுத்துகிறார்கள். தேறிய பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும், நிறுத்துவதை டாக்டர் சொன்னபடி படிப்படியாகச் செய்ய வேண்டும், திடீரென்று விட்டால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். உண்மையில் பழக்கமாகக்கூடியவை அல்ப்ரசோலாம் போன்ற, பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கப்படும் மாத்திரைகள். வேடிக்கை என்னவென்றால், முதல் வகைக்குப் பயப்படும் வீடுகளிலேயே இரண்டாம் வகை, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் வாங்கி வைக்கப்பட்டிருக்கும்.

எங்கே போவது என்பதற்கு இப்போது பதில் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இயங்கும் இதில் தமிழிலேயே பேசலாம். ஸ்நேகாவின் எண் 044-24640050. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்குக் கொடுப்பதைப் போலவே மனநோய் சிகிச்சைக்கும் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் கொடுக்க வேண்டும். பாலிசி எடுக்கும்போது கேட்டு வாங்க வேண்டிய உரிமை இது.

பெஞ்ச் மட்டும் இன்னும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் தமிழ்நாட்டின் கிராமங்களில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். கோவாவில் ஆலோசகர்களாக ஆனவர்கள் இவர்களைப் போன்ற உள்ளூர் ஆட்கள்தான். பி.பி. பார்த்து முடித்ததும் "ராத்திரி தூக்கம் வருதாம்மா, மனசு எப்படி இருக்கு?" என்ற இரண்டு கேள்விகளை அவர்கள் கூடுதலாகக் கேட்பதற்கும், பதிலைக் கேட்க இருபது நிமிடம் உட்காருவதற்கும் பயிற்சியும் அதற்கான சம்பளமும் வேண்டும்.